சேதி சுமந்தவர்களுக்குச் சொந்தச் சேதி உண்டு

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் வட்டாரக் கிராமங்களில் ஊர்த்தெருவில் ஒருவர் இறந்துவிட்டால், முதலில் ஆள் ஓடுவது சேரிக்குத்தான். பாடை கட்டுவதற்கு முன்பே வெளியூர் உறவினர்களுக்குச் சேதி போயாக வேண்டும். அதைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியவர் வெட்டியான். வெயிலோ, மழையோ, நடு இரவோ, முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. போய்ச் சேர்ந்த ஊரில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அவர் ஏற முடியாது. வாசலுக்கு வெளியே தள்ளி நின்று, இன்னார் தவறிவிட்டார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நெல்லோ கேழ்வரகோ கொடுத்தால் துண்டில் வாங்கி முடிந்துகொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும்.

இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் சேதி போய்விடுகிறது. தாத்தா காலத்தில் நடந்து போன சேதி, அப்பா காலத்தில் தபாலாகவும் தந்தியாகவும் போனது. 2013 ஜூலையில் தந்தியும் நின்றுபோனது. பேரன், பேத்தி கையில் இப்போது போன் இருக்கிறது.

தகவல் தொடர்பின் வளர்ச்சி என்று மாணவர்கள் கட்டுரை எழுதும்போது புறா, தபால், தந்தி, தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்று வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசையில் வெட்டியானின் கால்கள் வருவதில்லை. பறையைச் சொன்னாலும் அதை அடித்தவரைச் சொல்வதில்லை. கருவிகள் மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு காலத்திலும் சேதியை யார் சுமந்தார்கள், அது யாருடைய சேதி, யார் சொன்னால் அது சேதி ஆனது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சகலமானவர்களுக்கும்

தண்டோராவை எடுத்துக்கொள்வோம். 'இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்' என்று தொடங்கும் அறிவிப்பை இன்று சினிமாவில் நகைச்சுவையாகப் பார்க்கிறோம். அதை அடித்தவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஏரி மீன் ஏலம் என்று தெருத்தெருவாகச் சொல்லி வருவார். ஏலம் கேட்கிற இடத்தில் அவர் உட்கார முடியாது. கோயிலில் காப்புக் கட்டு என்று அறிவிப்பார். அந்தக் கோயிலுக்குள் அவர் நுழைய முடியாது. பஞ்சாயத்து கூடுகிறது என்று ஊரைக் கூட்டுவார். அங்கே அவர் கைகட்டி நிற்க வேண்டும். ஊருக்கே சேதி சொன்னவர் வாயிலிருந்து அவருடைய சொந்தச் சேதி ஒன்றுகூட வெளியே வரவில்லை. கூலி உயர்வு வேண்டும் என்று அவர் பறை அடித்துச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது கிராமத்தில் வாழ்ந்த யாருக்கும் தெரியும்.

சுதந்திரம் வந்த பிறகும் இந்த வேலை தொடர்ந்தது. மின்சாரம் வந்த பிறகும், ஒலிபெருக்கி வந்த பிறகும் தொடர்ந்தது. 2022 ஆகஸ்ட்டில்தான் தமிழ்நாடு அரசின் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் அனுப்பினார். அறிவிப்புகளை வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்பது அதன் சாரம். சென்னையில் வானொலி நிலையம் தொடங்கியது 1938-ல். அதற்குப் பிறகு 84 ஆண்டுகள் கழித்து, மனிதனை ஒலிபெருக்கியாகப் பயன்படுத்தாதே என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. கருவி இல்லாததால் இந்த வழக்கம் நீடிக்கவில்லை. சாதி இருந்ததால் நீடித்தது.

இதற்காகப் பறையை வெறுக்க வேண்டியதில்லை. சாவுக்கும் தண்டோராவுக்கும் கட்டாயமாக அடிப்பது வேறு. விரும்பி மேடையில் அடிப்பது வேறு. 'இழிதொழில் செய்ய மாட்டோம்' என்று பல ஊர்களில் நம் மூத்தவர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அதற்காக அடியும் ஊர்விலக்கமும் பட்டார்கள். அடுத்த தலைமுறை அதே பறையைக் கல்லூரி விழாவிலும் போராட்டக் களத்திலும் தூக்கியது. பெண்களும் இன்று பறை அடிக்கிறார்கள். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கருவி அதேதான். எப்போது அடிப்பது, எதற்கு அடிப்பது என்று முடிவு செய்வது யார் என்பது மாறியிருக்கிறது.

ஒரு பைசாவுக்கு ஒரு பத்திரிகை

நமக்குச் சொந்தக் குரல் போன் வந்த பிறகுதான் கிடைத்தது என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1869-லேயே 'சூரியோதயம்' என்ற இதழ் ஒடுக்கப்பட்டவர்கள் நடுவிலிருந்து வெளிவந்தது. அது தொடங்கி 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ஆய்வாளர் ஜெ.பாலசுப்பிரமணியம் தனி நூலே எழுதியிருக்கிறார். தமிழ் படிக்கும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் சென்னையில் 'பறையன்' என்ற பெயரில் இதழ் தொடங்கினார். முதலில் நான்கு பக்கம், விலை இரண்டணா. வசவாகச் சொல்லப்பட்ட பெயரையே பத்திரிகையின் நெற்றியில் எழுதி விற்றார். 1907 ஜூன் 19-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசா தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. கூலி வாங்குகிறவரும் வாங்கிப் படிக்கட்டும் என்று வைத்த விலை அது. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆன அந்த இதழ், 1914-ல் அவர் மறையும் வரை வந்தது. பின்னர் கோலார் தங்கவயலில் ஜி.அப்பாதுரையார் அதை மீண்டும் நடத்தினார்.

மராத்தியில் டாக்டர் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். பேச முடியாதவர்களின் தலைவன் என்பது அந்தப் பெயரின் பொருள். பணம் கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. மற்றவர்கள் பத்திரிகையில் நமக்கு இடமில்லை, எனவே நமக்கென்று பத்திரிகை வேண்டும் என்று அவர் முடிவு செய்ததற்கு வேறு சான்று தேவையில்லை.

இவற்றை அன்று எத்தனை பேரால் படிக்க முடிந்தது என்று கேட்கலாம். படிக்கத் தெரிந்தவர் சிலர்தான். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அக்காலத்தில் பத்திரிகை வாசிக்கும் முறைகளில் ஒன்று. ஒரு பிரதி பல வீடுகளுக்குச் சேதி ஆனது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, அரசு அலுவலகம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அரசிதழில் அச்சானால் மட்டும் கிணற்றடிக்கு அது வந்துவிடாது. நம் உரிமையை நமக்கே எடுத்துச்சொல்ல நம்மிடம் ஒரு ஏடு இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். 1997-ல் புனித பாண்டியன் தொடங்கிய 'தலித் முரசு' வரை அந்தச் சங்கிலி அறுபடவில்லை.

மலையிலிருந்து இறங்காத சேதி

சமவெளியின் கதை இப்படியென்றால் கல்வராயன் மலையின் கதை இன்னும் கடினமானது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் அந்த மலை இருந்தது. நாடு 1947-ல் சுதந்திரம் பெற்ற சேதி அங்கு வாழ்ந்த மலையாளி பழங்குடி மக்களின் வாழ்க்கையை மாற்றவில்லை. கூலி இல்லாத உழைப்பும் வரியும் தொடர்ந்தன. 1976-ல்தான் அரசு ஜாகீர்களை ஏற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். டெல்லியிலிருந்து கல்வராயன் மலைக்கு விடுதலைச் சேதி வந்து சேர 29 ஆண்டுகள் ஆயின.

மேலே போகாத சேதி ஒரு பக்கம். கீழே இறங்காத சேதி இன்னொரு பக்கம். நம் மலைக்கு மேற்கே, அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கு வாழ்பவர்களும் மலையாளி பழங்குடியினர்தான். 1992 ஜூன் 20-ல் சந்தன மரச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். இவ்வளவு பெரிய கொடுமை வெளியுலகுக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆனது. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் இடதுசாரித் தலைவர்களும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் சேதி வெளியே வந்தது. 2011-ல் சிறப்பு நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களிடம் அன்று போன் இல்லை, கேமரா இல்லை. அவர்களிடம் இருந்தது வாய்ச்சொல் மட்டும். அதை மாற்றாமல் 30 ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கருவி இல்லாவிட்டாலும் சாட்சி சொல்பவர் உறுதியாக நின்றால் சேதி சாகாது என்பதற்கு வாச்சாத்தியைவிடப் பெரிய பாடம் நமக்கு இல்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

வானொலியும் தொலைக்காட்சியும் கிராமத்துக்கு வந்த விதத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பஞ்சாயத்து வானொலி இருந்த இடம் பெரும்பாலும் ஊர்த்தெருதான். காலனிக்காரர் அதைத் தள்ளி நின்றே கேட்டார். ஆனாலும் காற்றில் வந்த குரலுக்குத் தீட்டு ஒட்டவில்லை. பள்ளிக்கூடம் போகாதவரும் செய்தி கேட்டார், விவசாய நிகழ்ச்சி கேட்டார், பாட்டும் நாடகமும் கேட்டார். படிக்கத் தெரிந்தால்தான் உலகம் தெரியும் என்ற நிலையை முதலில் உடைத்தது வானொலிதான்.

தொலைக்காட்சி வந்தபோது ஜன்னல் வழி பார்த்த பிள்ளைகள் இன்று 45, 50 வயதைத் தொடுகிறார்கள். உள்ளே உட்கார வைத்த வீடுகள் உண்டு, கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு. 2006-க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது பலர் அதை ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்று கேலி செய்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைக்கு அதன் மதிப்பு தெரியும். தன் வீட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து படம் பார்ப்பதும் ஒரு மரியாதைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நம் தெரு எப்போது தெரிந்தது? குடிசை எரிந்தபோது தெரிந்தது, சாவு விழுந்தபோது தெரிந்தது. மற்ற நாட்களில் நாம் பார்ப்பவர்களாக மட்டும் இருந்தோம்.

கையில் போன் வந்த பிறகு

போன் வந்து பெரிய கதவைத் திறந்தது. குடிநீர்த் தொட்டி உடைந்தால் படம் எடுத்து அனுப்புகிறோம். சுடுகாட்டுப் பாதையை மறித்தால் வீடியோ எடுக்கிறோம். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தால் உலகமே பார்க்கிறது. 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லித் தப்பிப்பது இப்போது அவ்வளவு எளிதல்ல.

ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்த கதவு இல்லை இது. 2020-ல் கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது வகுப்புகள் போனுக்குப் போயின. வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் வேலைக்குப் போகும் அப்பா பையில். மலைக் கிராமங்களில் போன் இருந்தும் சிக்னல் இல்லை. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது என்றாலும் அந்த இரண்டு ஆண்டுகளில் பள்ளியை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் நம் தெருவில்தான் அதிகம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான பெண் ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்துக் கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வட மாவட்டங்கள் முழுவதும் அப்போது பரவிய வாட்ஸ்அப் வதந்திதான் அந்தச் சந்தேகத்தை விதைத்தது. இந்தியாவில் நடந்த இதுபோன்ற கொலைகளுக்குப் பிறகுதான், அதே ஆண்டு ஜூலையில், ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இங்கே கட்டுப்பாடு வைத்தது. 2022 ஜூலை 17-ல் கனியாமூரில் வெடித்த வன்முறையிலும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆள் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. குழு வைத்திருந்தவர்கள், தகவல் அனுப்பியவர்கள் என்று இளைஞர்கள் பலர் கைதானார்கள்.

யார் எழுதினார் என்று தெரியாது. உண்மையா என்று தெரியாது. வந்ததை அப்படியே அடுத்த ஆளுக்கு அனுப்புகிறோம். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது பழைய வெட்டியான் வேலைதான். அன்று ஊர் கொடுத்த சேதியை மறுபேச்சில்லாமல் சுமந்தார்கள், மறுத்தால் அடி விழும் என்பதால். இன்று நம்மை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் அடுத்தவர் சேதியைக் கூலி இல்லாமல் சுமக்கிறோம். அதில் நம்மையே இழிவுபடுத்தும் சேதிகளும் இருக்கின்றன.

கருணாபுரம் சொன்ன பாடம்

யார் சொன்னால் சேதி ஆகும் என்ற கேள்வி வெறும் தத்துவம் இல்லை. அதில் உயிர் இருக்கிறது. 'ஒரு பைசா தமிழன்' தொடங்கி 117 ஆண்டுகள் ஆன அதே ஜூன் 19-ல், 2024-ல், கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் சாவுகள் விழத் தொடங்கின. குடித்தவர்களுக்கு வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். சாராயம்தான் காரணம் என்று தெருவே சொன்னது. முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகத் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவருக்கு அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். சீக்கிரம் மருத்துவமனை போனவர் பிழைக்க வாய்ப்பு உண்டு. அந்த மறுப்பை நம்பிச் சிகிச்சைக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டு என்று எதிர்க்கட்சிகள் பின்னர் குற்றம்சாட்டின. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் அன்றாடக் கூலிகள், தலித் மக்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் வழக்கு விசாரணையை சிபிஐக்கு மாற்றி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றியும் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

கருணாபுரத்தில் அன்று எல்லோர் கையிலும் போன் இருந்தது. தெருவில் தொலைக்காட்சி வண்டிகள் நின்றன. கருவிக்குக் குறைவில்லை. கண்ணெதிரே கணவனை இழந்த பெண்ணின் சொல்லைவிட அலுவலக அறிக்கைக்கு எடை அதிகம் என்ற பழைய கணக்கு மட்டும் மாறவில்லை.

நம் சொல்லுக்கு எடை சேர்ப்போம்

எனவே போனை எப்படிப் பயன்படுத்துவது என்று நாம் கற்க வேண்டும். ஒரு கொடுமை நடந்தால் முதலில் தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடியோ எடுத்தால் அசல் பதிவை அழிக்காதீர்கள். நீதிமன்றத்துக்கு அது வேண்டும். குழுவில் போடும் முன் புகார் கொடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், மின்னணு முறையிலும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம் பிணம் தூக்க, குழி வெட்டக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. விசாரணை நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்யவும் அது சொல்கிறது. வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. சுவரில் எழுதி வையுங்கள்.

தண்டோரா போய்விட்டது, நல்லது. இப்போது கிராம சபைக் கூட்டம் பற்றிய சேதி உங்கள் காலனிக்கு எப்படி வருகிறது? ஊராட்சி வாட்ஸ்அப் குழுவில் நம் தெருக்காரர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நடந்து முடிந்த பிறகு தெரிய வரும் கூட்டத்தில் நமக்கு எந்தத் தீர்மானமும் இருக்காது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொண்டு நேரே போய் உட்காருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் சாவுச் சேதி சுமந்து நடந்தவர், தண்டோரா போட்டவர், ஜாகீர் காலத்தை மலையில் பார்த்தவர் யாராவது இன்னும் இருப்பார்கள். விடுமுறையில் அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தெந்த ஊருக்கு நடந்தீர்கள், என்ன கொடுத்தார்கள், எங்கே நிற்க வைத்தார்கள், எப்போது நிறுத்தினீர்கள், நிறுத்தியபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு போனில் குரலைப் பதிவு செய்யுங்கள், பிறகு தாளில் எழுதுங்கள். போன் பழுதானால் குரல் போய்விடும், எழுதியது இருக்கும். ஊருக்கெல்லாம் சேதி சொன்ன அவர்களிடம், உங்கள் சேதி என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது ஆகிறது. இந்தக் கோடை விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.